படத்திலிருந்த குடைக்காரி

கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தால் கோடு விழும், ஐயா. பழைய பத்திரிகைத் தாள்தான் நல்லது. கால்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் இத்தாலிய முதலாளியம்மா, சிஞ்ஞோராவின் வீட்டு நடையில் தொங்கும் படத்தை ஒன்பது வருடமாக அப்படித்தான் துடைத்து வந்தேன்.

யப்பானியர் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த படம். பட்டணத்துக் கடைத்தெரு, பனி, நெருக்கியடிக்கும் சனம், பின்னால் பெரிய புத்த கோயில். சனத்துக்குள் ஒரு பெண் குடையைச் சரித்துத் திரும்பிப் பார்ப்பாள், யாரையோ தவறவிட்டவள் மாதிரி. என் மனைவி தர்சனா வன்னியில் கடைசிச் சண்டையின்போது சனத்துக்குள் என் கையிலிருந்து நழுவிப் போனவள். பிறகு கிடைக்கவில்லை. அவளுடைய ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. ஆகவே தினமும் குடைக்காரியிடம் “வந்திட்டன்” என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். அதில் பிழை இருப்பதாக எனக்குப் படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நடைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டியிருந்தது. சிஞ்ஞோரா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். உதவிக்குத் தர்சனாவின் தம்பி பிரதீஸைக் கூப்பிட்டேன். சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் பறிக்கிறவன். இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். நல்ல பிள்ளை. நான் ஆணி பிடுங்கச் சுத்தியலோடு நின்றேன்.

“அத்தான், இது விகாரையெல்லோ? இதையோ ஒவ்வொரு நாளும் துடைக்கிறியள்?”

“இது யப்பான், பிரதீஸ். அங்கை போற சனத்தைப் பார்.”

“எல்லாம் ஒண்டுதான். அக்காவை விழுங்கின சிங்கள ஆமிக்காரங்கடை கோயில்.”

முழங்கையால் கண்ணாடியை உடைத்து, கோயில் கூரையைக் கத்தியால் கிழித்தான். பொறுத்துக்கொண்டேன். அந்தக் கோயில் எனக்கு ஒன்றுமில்லை. கத்தி கீழே இறங்கிக் குடை விளிம்புக்கு வந்தபோதுதான் அடித்தேன்.

முதல் அடி கன்னத்தில். பல் தெறித்தது. “அத்தான்” என்றான். கத்தியைக் கீழே போட்டுவிட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த பிறகும் என்னையே திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. முகத்திலேயே அடித்தேன், எலும்பு நொறுங்கும் சத்தம் அடங்கும்வரை. பிறகு நிலத்தைக் கழுவினேன். சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்து, கண்ணாடி உடைந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

படத்துப் பெண்ணின் முகம் ஓர் அரிசி அளவுதான், கண் மூக்குக்கூட வரையவில்லை என்கிறீர்கள், பொலிஸ் ஐயா. இருக்கலாம். அவள்மேல் ஒரு கீறலும் விழவில்லை, எனக்கு அதுதான் பெரிது.

தர்சனா எப்படி இருப்பாள் என்று கேட்டீர்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே முகவெட்டு. பிரதீஸின் முகம் மிச்சம் இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.