ஒரு நூல் தளர்வு

உட்காருங்கள் தம்பி. மூன்று மாடி ஏறி வந்தால் யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். துணி மூட்டையோடு வந்தால் நானே நடுவில் நின்று நின்றுதான் ஏறுவேன்.

என் தங்கை கண்ணை மூடிய பிறகு, நினைவாக இருக்கட்டும் என்று அவள் பாவாடை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனீர்கள். இன்றைக்கு அதையே மடியில் போட்டுக்கொண்டு, இடுப்புப் பட்டியில் பழைய ஊசித்துளைகள் எப்படி வந்தன என்று கேட்கிறீர்கள். சட்டைக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் கண்ணில் அது படாமல் போகுமா? நான் பிரித்துத் தைத்ததுதான். மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அம்மா இறந்தபோது அவள் கைப்பிள்ளை. இந்தத் தையல் மிஷினை மிதித்து மிதித்துத்தான் வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களை எல்லாம் அவளுக்காகத் தட்டிக்கழித்தேன். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நீங்கள் பெண் கேட்டுப் போனதும், "வேற ஊர்ல வீடு பார்த்திருக்காருக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சந்தோஷம் என்றேன்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், கொடியில் கிடந்த பாவாடையை எடுத்து ஒரு நூல் தளர்த்தினேன். ஒரு நூல் என்பது சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட வராது. அடுத்த சலவைக்கு இன்னொரு நூல். சட்டைகளும் அப்படித்தான். உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைப்பது என் வழக்கம், அது வசதியாகப் போயிற்று.

இளைத்துக்கொண்டே போகிறேனே என்று பயந்தாள். டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். எடை குறையவில்லை, ஒன்றுமில்லை என்றார். அவள் நம்பவில்லை. எடை மிஷினைவிட என் தையலைத்தான் நம்பினாள். பெரிய வியாதி என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார்கள் என்று நான் சொன்னது உண்மைதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னேனா? வியாதியோடு போய் ஒருத்தர் தலையில் விழமாட்டேன் என்று உங்களை வேண்டாமென்றது அவள்தான். அழுதாள். பார்க்கக் கஷ்டமாக இருந்தது, நானும் அழுதேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினேன் தம்பி. பயத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் நான் பிரிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. துணி தானாகவே தொளதொளத்தது. ஊட்டிவிட்டேன், குளிப்பாட்டினேன், தூக்கித் தூக்கி என் இடுப்பே விட்டுப்போயிற்று. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கடைசியில் ஒரு நாள் காலையில், இதே பாவாடையை என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் குடேன். இடுப்புல நின்னா, தேறிட்டேன்னு நானே நம்பிக்குவேன். ஒரு வாய் சாப்பிடணும்னு தோணும்."

மிஷின் பக்கத்திலேயேதான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. ஆனால் கூடப்பிறந்தவளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை தம்பி.