களையெடுக்கப் போனேன்

யாராவது களையெடுக்கக் கூப்பிட்டால் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. எங்கள் டோங்காத் தீவில் அது வழக்கமுமில்லை. கூப்பிட்டால் போக வேண்டும். போனால் பன்றிக்குட்டி சுட்டுப் போடுவார்கள். நஷ்டமில்லாத வியாபாரம்.

செமிசி என் சித்தப்பா மகன். போன வருஷம் என் தர்பூசணிக் கொடிகள் வாடல் நோயில் செத்தன. பூஞ்சை, மண்ணிலேயே பல வருஷம் கிடக்கும் என்றார் விவசாய ஆபீசர். பூட்ஸையும் களைக்கொத்தையும் கழுவாமல் அடுத்தவன் தோட்டத்தில் கால் வைக்காதே என்றும் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதே வருஷம் செமிசியின் பழங்கள் கப்பலேறி நியூசிலாந்து போயின. அவன் மகள் ஆக்லாந்தில் படிப்பதே அந்தப் பழங்களை நம்பித்தான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தேவாலய விருந்தில் என் மனைவி லாவினியா அவன் பழத்தைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"உங்க தம்பி கைக்கு ராசி இருக்குங்க" என்றாள்.

"அண்ணனுக்கும் ஒரு துண்டு குடுங்க அண்ணி. பாவம், இந்த வருஷம் பழத்த பாக்குறதே இங்கதான்" என்றான் செமிசி.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லாவினியா கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள்.

இந்த வருஷம் அவன் களையெடுக்கக் கூப்பிட்டபோது முதல் ஆளாகப் போனேன். என் செத்த தோட்டம் அந்த வழியில் இல்லை, சுற்றிக்கொண்டு அதன் வழியாகப் போனேன். மழையில் மண் பசையாக இருந்தது. பூட்ஸ் கனக்கும்வரை அதில் நடந்தேன். களைக்கொத்தையும் நன்றாகப் புரட்டிக்கொண்டேன். பிறகு செமிசியின் தோட்டத்தில் ஒரு வரிசை விடாமல் கொத்தினேன். மற்றவர்கள் நிழலுக்கு ஒதுங்கியபோதும் நான் நிறுத்தவில்லை.

"போதும்ணே, சாப்பிட வாங்க. உங்கள மாதிரி எவன் உழைப்பான்" என்றான்.

காய் பிடிக்கும் நேரத்தில் கொடிகள் நடுப்பகலில் துவண்டன.

"தண்ணி பத்தலடா" என்றேன்.

வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினான். இன்னும் வாடாமல் நின்ற வரிசைகளுக்கும் பூஞ்சையைத் தண்ணீரே கொண்டு சேர்த்தது. மகள் பெட்டியோடு ஊர் திரும்பினாள். அவன் அழுதது என் தோளில்தான். இரண்டு வீட்டுக்கும் ஒரே கதி என்றால் குடும்பத்தில் மனத்தாங்கல் வராது பாருங்கள்.

இப்போது மேட்டுப் பக்கம் புது நிலம் திருத்திக் கொடி போட்டிருக்கிறான். திங்கட்கிழமை களையெடுப்பு. முதலில் என்னைத்தான் கூப்பிட்டான்.

இன்று காலை பார்க்கிறேன், என் பூட்ஸையும் களைக்கொத்தையும் லாவினியா தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. அவன் நிலத்தின்மேல் அவளுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை?

திங்கட்கிழமையும் என் பழைய தோட்டத்து வழியாகத்தான் போவேன். கேட்டால், குறுக்கு வழி என்பேன்.