கையெழுத்துக்கு முன்னால்

“ஹலோ... மனநலப் பிரிவா?... ஏழாம் கட்டில்காரரோட சம்சாரம் பேசறேன். அந்தச் சின்ன டாக்டரம்மா இருக்காங்களா?... ஓ, நீங்கதானா. நல்லதாப் போச்சு.”

போனைக் காதில் வைத்தபடி தையல்காரி மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். ஊசிக்கடியில் சட்டைக் கை பாதியில் நின்றது.

“காலையில ஒரு மணி நேரம் உங்ககிட்ட பேசினாராமே... வார்டு கூட்டறவங்க சொன்னாங்க. நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு உக்காந்தீங்களாம். சிரிக்கக்கூட செஞ்சாராம்... கோவமெல்லாம் இல்லம்மா. மூணு வாரமா எனக்குத் தலையாட்டறதோட சரி. உங்களுக்கு மட்டும் வாய் திறக்குதேன்னு கேட்டேன்.”

“...சரி... சரி. மயக்க மருந்து குடுத்துட்டுத்தான் தலையில கரண்ட் வைப்பாங்க, வலிக்காது. அதைத்தானே நானும் சொன்னேன்... அவர் வாயாலயே திருப்பிச் சொல்லச் சொன்னீங்களா? பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரியா?... ம்... ம்... வேண்டாம்னும் சொல்லலாம்னு நீங்களே எடுத்துக் குடுத்தீங்களா? நல்லா இருக்கும்மா. சம்மதம்னு கையெழுத்துப் போடுங்கன்னு நாலு நாளா நான் கெஞ்சிட்டிருக்கேன்.”

முந்தாநாள் பார்த்த டாக்டரின் கசங்காத வெள்ளைக் கோட்டு நினைவுக்கு வந்தது. தன் சேலையில் ஒட்டியிருந்த நூல்களை அவள் தட்டிவிட்டாள்.

“மறதியா?... ஆமா, நான்தான் சொன்னேன். அங்க சேர்றதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் மறந்துடும், நிம்மதியா இருக்கலாம்னு. மனசு லேசாகட்டுமேன்னுதான்... ஓ. எல்லாம் போகாதா... கொஞ்ச நாள் நடந்தது மட்டும் போகலாம், போகாமலும் இருக்கலாம்... சரி. அப்புறம் ஏன் போடலை?... என்னாலயா? என்ன சொன்னார், அப்படியே சொல்லுங்க.”

அவள் எழுந்து நின்றாள். துணி சரிந்து தரையில் விழுந்தது.

“சேர்த்த அன்னிக்கு... ‘நீ எனக்கு யாரு’ன்னு கத்தினதா?... ஆமா, கத்தினார்... தப்புப் பண்ணினவனுக்கே அது மறந்துட்டா எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னாரா?... அதுக்காகவா நாலு நாளா...”

“இதை என்கிட்ட சொன்னா என்ன?... நான் பேச விட்டாத்தானேன்னாரா?... அதுக்குத்தான் சிரிச்சாரா?”

“பக்கத்துல இருக்காரா? குடுங்க... இல்ல, இருங்க. போன்ல வேண்டாம். நான் வர்ற வரைக்கும் கையெழுத்து வேண்டாம்னு சொல்லுங்க... ஆமா, ஆமா, கெஞ்சினதும் நான்தான், நிறுத்தச் சொல்றதும் நான்தான்... அப்புறம், டாக்டரம்மா. நான் வந்ததும் நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. அந்த நாற்காலி எனக்கு வேணும்.”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.