மூன்று கொட்டேஷன்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தினமும் காலையில் தேதி சொல்ல வேண்டும். சுவிட்சைப் போட்டதும் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். நாம் எதைத் தட்டுகிறோமோ அதுதான் அதற்கு இன்று. இத்தனை விலை கொடுத்து வாங்கியதற்கு ஒரு காலண்டர் இல்லையே என்று ஹமீது முதலாளி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. தெரியாததைக் கேட்டு நடக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் எழுதித் தரச் சொன்னதால் முறையாகவே எழுதுகிறேன். என் பெயர் சுவாமிநாதன், தலத்தெருவில் வீடு. திருமலைராயன்பட்டினத்தில் ஹமீது முதலாளியின் ஐஸ் பேக்டரியில் பதினாறு வருடமாக மேனேஜர். என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு போல்ட் கூட உள்ளே வராது. எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, பிறகுதான் ஆர்டர். இந்த விதியை எழுதியவன் நான். அதற்கு முன்னால் அங்கே நடந்தது பகல் கொள்ளை. அதை நிறுத்தியதில் எனக்குப் பெருமை உண்டு.

1988 மே மாதம் கம்ப்யூட்டர் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனியும் பெங்களூரில் ஒரு கம்பெனியும் தங்கள் கணக்குப் புரோகிராமை ஆறு மாதம் சும்மா ஓட்டிப் பார்க்கத் தந்தன. ஒவ்வொரு ஆர்டரையும் இரண்டிலும் ஏற்றி, எது நல்லது என்று நான் ரிப்போர்ட் தர வேண்டும். சென்னைப் புரோகிராமில் ஒரு ஆர்டரை அழித்தால் அழிந்தே போகும். அடுத்த நம்பர் மேலே ஏறி அந்த இடத்தை மூடிவிடும். பெங்களூர்ப் புரோகிராம் எதையும் அழிக்க விடாது. ரத்து செய்யலாம். ஆனால் யார் செய்தது, எந்தத் தேதியில் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளும். வரிகளைத் தேதி வாரியாக அடுக்கி வைக்கும். அதற்கப்புறம் அந்த வரியை யாராலும் தொட முடியாது. அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பியேர் எங்கள் ஸ்டோர் கீப்பர். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. மனைவி எலேன், மகள் ழக்லினுடன் டிசம்பரில் பிரான்சுக்குப் போய்விட டிக்கெட் எடுத்திருந்தார். ஜூன் மாதம் அவர் ஓர் ஆர்டர் ஏற்றினார். அமோனியா கசிந்தால் முகத்தில் மாட்டிக்கொள்ளும் மாஸ்க், மூன்று. ஐஸ் உறைவது அந்த வாயுவால்தான். பழைய மாஸ்க்குகளின் ரப்பர் வெடித்துப்போயிருந்தது. ஆனால் அவர் இணைத்திருந்தது ஒரே ஒரு கொட்டேஷன்.

"இந்த மாஸ்க்கு மெட்ராஸ்ல ஒரே கடையிலதாங்க சார் இருக்கு. மூணுக்கு நான் எங்கங்க போவேன்?"

"தேடிப் பாருங்க பியேர். கெடைக்கும்."

கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நானே விசாரித்திருந்தேன். ஆனால் ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அவர் திங்கட்கிழமை தோறும் வந்து கேட்டார். நானும் திங்கட்கிழமை தோறும் அதையே சொன்னேன். ஒரு தடவை கூடக் குரலை உயர்த்தியதில்லை.

நவம்பர் பதினேழாம் தேதி காலை பத்தே காலுக்கு அமோனியாக் குழாய் விட்டுப்போயிற்று. ஐஸ் கட்டி அடுக்குகிற காசியம்மா அறைக்குள் இருந்தாள். கதவு வரை வந்துவிட்டாள். கண் எரிச்சலில் தாழ்ப்பாள் தெரியவில்லை போலிருக்கிறது. உள்ளேயிருந்து தட்டினாள். பியேர் ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு இரண்டு தடவை ஓடினார். இரண்டு தடவையும் கதவை எட்டுவதற்குள் விழுந்து, தவழ்ந்து திரும்பினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம். நாலு நிமிடம் தட்டினாள்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் தேதி கேட்டபோது ஜூலை பதினாலு என்றேன். அந்த ஜூலைத் தேதியில் நான் மாயவரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். லீவு ரிஜிஸ்டரில் இருக்கிறது. பியேர் பெயருக்கு நேரே அந்தத் தேதிக்கு வருகை போட்டிருந்தது. அவருடைய பாஸ்வேர்டு மகள் பெயர்தான், ஆபீசுக்கே தெரியும். பெங்களூர்ப் புரோகிராமில் அவர் பெயரில் மாஸ்க் ஆர்டரை ரத்து செய்தேன். சென்னைப் புரோகிராமில் அதை அழித்தேன். பிறகு சரியான தேதியைச் சொல்லிவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தேன்.

அந்த வாரமே ரிப்போர்ட்டையும் முடித்தேன். சென்னைப் புரோகிராமில் தப்பை மறைக்கலாம், பெங்களூர்ப் புரோகிராமிடம் பொய் சொல்ல முடியாது, ஆகவே அதையே வாங்கலாம் என்று எழுதினேன். முதலாளி ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, பியேர் பெயரில் இருந்த ரத்து வரியை அச்செடுத்து உங்களிடம் கொடுத்தார். நீங்கள் பியேரை அழைத்துப்போனீர்கள், பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். வாராவாரம் சாரிடம் கேட்டேனே என்று அவர் சொன்னாராம். எனக்கு ஞாபகமில்லை என்றேன். பேசியதற்கு ரிஜிஸ்டர் ஏது?

எலேன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "அவரு காயிதத்தை ரத்து பண்ற ஆளு இல்லீங்க சார். ஒங்களுக்கே தெரியும்ல." அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று அன்று சாயங்காலம் வரை பார்த்தேன், முடியவில்லை. இன்னொரு வரி சேர்த்தால் அதில் என் பெயர் விழும். சாப்பாடு இறங்காமல் போனது அன்றிலிருந்துதான்.

நேற்று எலேன் உங்களிடம் கொண்டு வந்த போட்டோவை எனக்கும் காட்டினீர்கள். இந்த வருடம் ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய விழா, பகல் பத்து மணி, புதுச்சேரிக் கடற்கரை. அப்பாவின் மெடல்களைக் குத்திக்கொண்டு பியேர் நிற்கிறார். அப்புறம் முதலாளி சொன்னதும் என் காதில் விழுந்தது.

"சூலை பதினாலு அவங்க ஆளுங்க யாரும் வேலைக்கு வரமாட்டாங்க. எங்க வாப்பா காலத்துலேருந்து அப்புடித்தான். வந்ததாவே போட்டுருவோம். இதை யாருங்க எழுதி வைக்கிறது?"

வருடா வருடம் அன்றைக்குப் பியேர் நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும். நான் நாற்காலியைப் பார்க்கிறவன் இல்லை, ரிஜிஸ்டரைப் பார்க்கிறவன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தேதியை மாற்றியவன் நான், பியேர் பெயரில் ரத்து செய்தவனும் நான். அவரை இன்றைக்கே விட்டுவிடுங்கள், டிக்கெட் வீணாகப் போக வேண்டாம். பொய்யாக எழுதியதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் நீங்கள் தயாரித்திருக்கும் தாளில், காசியம்மாவின் சாவுக்கு நான் காரணம் என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. அதை மட்டும் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஆர்டரில் இருந்தது ஒரே ஒரு கொட்டேஷன்.