வழியெல்லாம் அட்டை இருக்கும்

— அப்ப ஏன் காலை மேசைக்குக் கீழை ஒளிக்கிறீங்கள்?

— ஒளிக்கேல்லைப் பிள்ளை. சும்மா கடிக்குது, சொறியிறன்.

— என்ன கடிச்சது?

— ஒண்டும் கடிக்கேல்லை. தானாக் கடிக்குது.

— நல்ல கதை. சாரத்தைக் கொஞ்சம் தூக்குங்கோ அப்பா, பாப்பம்.

— ரதி, தேத்தண்ணி ஆறுது. நீ குடி.

— அது ஆறட்டும். தூக்குங்கோ. ஐயோ! என்னப்பா இது?

— நுளம்பு.

— நுளம்போ? ஒண்டு, ரெண்டு, மூண்டு... இந்தக் காலில மட்டும் பதினொண்டு! வெள்ளவத்தை நுளம்பு எப்ப இருந்து சொக்ஸுக்குள்ள பூந்து கடிக்கப் பழகினது?

— கடற்கரைப் பக்கம் இப்ப நுளம்பு கூடிப்போச்சுது.

— அப்பா, நான் லாப்பில நாள் முழுக்க இரத்தத்தோட சீவிக்கிறவள். நுளம்பு கடிச்சால் தடிக்கும். இது பாருங்கோ, மூண்டு கீறு கீறி வைச்சிருக்கு. கழட்டிப் போட்ட சொக்ஸும் இரத்தத்தில ஊறிக் காஞ்சு போயிருக்கு. இது அட்டை கடிச்சது. நேற்று எங்கை போனீங்கள்?

— சொன்னனான்தானே. கல்கிசை. கந்தோர்ப் பழைய ஆக்களோட மத்தியானச் சாப்பாடு.

— கல்கிசையில அட்டை?

— கடற்கரை ஹோட்டல்தானே...

— அப்பக் கடலட்டையோ? அது கடிக்காது அப்பா. அதை நாங்கள்தான் பிடிச்சு அவிச்சுக் காயவைச்சுச் சீனாவுக்கு அனுப்புறம்.

— நீ இப்பிடித்தான். ஒரு மனிசனை நிம்மதியாய்த் தேத்தண்ணி குடிக்க விடமாட்டாய்.

— குடியுங்கோ சேர், ஆர் வேண்டாமெண்டது? குடிச்சுக்கொண்டே சொல்லுங்கோ. குளியலறை வாளிக்குள்ள உங்கடை கரைவேட்டி ஊறுது. தண்ணி றோஸ் நிறம். கந்தோர் ஆக்கள் கடிச்சவையோ?

— கதவு தட்டுது பார். போய்த் திற, போய்த் திற.

— தப்பினீங்கள்! வாங்கோ மஸாஹிரா. முன்வீட்டில இருந்து வாசம் மட்டும்தான் வரும் எண்டு நினைச்சன், நீங்களே வந்திட்டீங்கள்.

— உம்மா வட்டிலப்பம் செஞ்ச, ரதி. சூட்டோட கொண்டு போய்க் குடுன்னு சென்ன. அல்லாஹ்வே! அங்கிள்ட காலுக்கு என்ன நடந்த?

— அதைத்தான் நானும் விடிஞ்சதில இருந்து கேக்கிறன்.

— இது அட்டதானே! எங்கட மச்சான் சிங்கராஜாக் காட்டுக்கு ட்ரிப் போய் வந்த நேரமும் இப்படித்தான், மூணு நாள் சொறிஞ்சிட்டு ஈந்த. அங்கிள் எங்க போன?

— கல்கிசைக்குப் பிள்ளை.

— கல்கிசைக்கா?

— ஓம் மஸாஹிரா. அங்கை அட்டையைக் கட்டிப் போட்டு வளர்க்கினமாம்.

— கோவப்படப்படாது அங்கிள், நான் செல்லியே ஆகோணும். கொஞ்ச நாளா அங்கிள்ட போக்கே சரியில்ல ரதி. அண்டைக்கு பல்கனில ஈந்துட்டு, புது சேட்டுல பட்டன் ஒவ்வொண்டா பிளேடால வெட்டின. நான் உடுப்புக் காயப்போட வந்த நேரம் கண்ட. எனக்கு பயமாப் போன.

— பிள்ளை, வட்டிலப்பத்துக்கு உம்மாவிட்டை நன்றி சொல்லு. நல்ல மணமா இருக்கு.

— விளங்கிட்டு, விளங்கிட்டு. நான் போறேன். ரதி, பொறகு கோல் எடு. ஒண்டும் விடாம செல்லோணும்.

— கட்டாயம். ...சரி அப்பா, கதவு பூட்டியாச்சு.

— அந்தப் பிள்ளைக்குக் கண் சரியாத் தெரியாது. நான் நூல்தான் வெட்டினனான்.

— ஆறு மாசத்தில ஒன்பது சேட்டு. ஒன்பதிலயும் பொத்தான் விழுந்தது. ஒன்பதையும் நீங்களே தூக்கிக்கொண்டு போய், சந்தியடி ரெய்லர் ஆறாயி அன்ரியிட்டைத் தைப்பிச்சனீங்கள். ஒரு பொத்தானுக்கு ஒண்டரை மணித்தியாலம்.

— அங்கை எந்த நேரமும் சனம்.

— அவவின்ரை ஊர் எட்டியாந்தோட்டைப் பக்கம். அங்கை அட்டை நல்லா இருக்குமாம், என்ன?

— உனக்கெப்பிடி அவவின்ரை ஊர் தெரியும்?

— என்ரை பிளவுசும் அங்கைதானே தைக்கிறது. அளவெடுக்கேக்கை வாயை மூடிக்கொண்டோ நிக்கிறது? கல்கிசையை விட்டிட்டு உள்ளதைச் சொல்லுங்கோ.

— சிரிக்கக்கூடாது.

— நான் எப்ப அப்பா சிரிச்சனான்?

— இப்பவே சிரிக்கிறாய்.

— இல்லை, இந்தா, வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறன்.

— அவவின்ரை தமையன், இராமர் எண்டு பேர். தோட்டத்தில கங்காணியா இருந்தவர். வாறன் எண்டு கோல் எடுத்துச் சொன்னன். நல்ல மரியாதையான மனிசன். "பஸ்ஸ விட்டு எறங்கி குறுக்குப் பாதையில ஏறுங்க சார். வழியெல்லாம் அட்ட இருக்கும், பாத்து வாங்க" எண்டார்.

— சரியாத்தானே சொல்லியிருக்கிறார்.

— உனக்குச் சரி. நான் முப்பத்திரண்டு வருசம் றோட்டு வேலைக் கந்தோரில இருந்தவன். எங்களுக்குப் பலகை எண்டால் நிரந்தரமா நடுறது. வேலை நடக்கிற இடத்தில 'இப்பிடிப் போ' எண்டு அம்புக்குறி கீறிக் கட்டிவிடுறது அட்டை. விளங்குதோ?

— இல்லை. அப்பா, இல்லை! நீங்கள் அப்பிடி நினைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ.

— வேறை எப்பிடி நினைக்கிறது? என்ன அருமையான மனிசன், பிறத்தியான் ஒருத்தன் வாறான் எண்டு மரத்துக்கு மரம் அட்டை எழுதிக் கட்டியிருக்கிறார் எண்டு எனக்குக் கண் கலங்கிப்போச்சுது. 'பாத்து வாங்க' எண்டால் பாத்துத்தானே போகோணும்?

— ஐயோ கடவுளே!

— வாயைப் பொத்திறன் எண்டாய்.

— பொத்தித்தான் இருக்கிறன், வயிறு நோகுது. போனில வழி காட்டுற மப் இருக்கே அப்பா, அதைப் பாக்கிறதுக்கென்ன?

— மலைக்குள்ள சிக்னல் எங்கை? அதோட, மனிசன் கஷ்டப்பட்டுக் கட்டிவிட்ட அட்டையை விட்டிட்டுப் போனைப் பாக்கிறது மரியாதையில்லை எண்டு நினைச்சன். மேலை பாத்துக்கொண்டே ஏறினன். முதல் நூறு யார் தூரத்துக்கு ஒண்டும் இல்லை. பாதை ரெண்டாப் பிரியிற இடத்தில நிண்டன். காத்துக்கு விழுந்திருக்கும் எண்டு புல்லை விலக்கி விலக்கித் தேடினன்.

— அட்டையைத் தேடினீங்கள்?

— அட்டையைத்தான்.

— புல்லுக்குள்ள!

— அங்காலை ஒரு மரத்தில வெள்ளையா என்னவோ தெரிஞ்சுது. வந்திட்டுது அட்டை எண்டு எட்டி இழுத்தன். முசுறு எறும்புக்கூடு. கொட்டுப்பட்டுது பார், சட்டைக் கழுத்துக்குள்ளால எல்லாம்! மேலை முசுறு கடிக்குது, நான் துள்ளுறன். கீழை நடக்கிறது தெரியவே இல்லை.

— தெரியாது. அட்டையின்ரை எச்சிலில விறைப்பூசி மாதிரி ஒண்டு இருக்கு. இரத்தத்தையும் உறைய விடாது. பிறகு?

— பிறகென்ன, கொழுந்தெடுக்கிற பொம்பிளையள் நாலஞ்சு பேர் நிண்டவை. மரியாதையாப் போய்க் கேட்டன், "பிள்ளையள், இங்கை அட்டை எங்கை இருக்கு?" எண்டு.

— கேட்டனீங்களோ!

— கேட்டன். ஒருத்தி சொன்னாள், "ஐயா, அட்ட ஒங்க கால்லதான் இருக்கு" எண்டு. குனிஞ்சு பாக்கிறன், வேட்டி முழங்கால் மட்டும் சிவப்பு. சொக்ஸைக் கழட்டினால், விரலுக்கு இடையில எல்லாம் குடிச்சுக் குடிச்சு கறுத்த முந்திரிகைப்பழக் குலை மாதிரித் தொங்குது. அவளவை கூடையைக் கழட்டி வைச்சிட்டுச் சிரிச்சாளவை. பிறகு பாவம், ஒரு பிள்ளை கையைப் பிடிச்சு இராமர் வீடு மட்டும் கொண்டுவந்து விட்டாள்.

— அட்டைக் காட்டுக்குள்ள ஆராவது வேட்டியோட ஏறுவினமோ அப்பா?

— சம்பந்தம் கேக்கப் போறவன் பின்னை களிசானோடயோ போறது?

— என்ன?

— ஒண்டுமில்லை.

— இல்லை, இப்ப என்னவோ சொன்னீங்கள். என்ன கேக்கப் போனீங்கள்?

— ஆறாயியைத்தான்...

— தண்டவாளத்தில கோச்சி போற சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை. அது போகட்டும். ம், இப்ப சொல்லுங்கோ. மெல்லமா இல்லை, வடிவா.

— ஆறாயியைக் கலியாணம் செய்து தாங்கோ எண்டு தமையனிட்டைக் கேக்கப் போனனான். போதுமோ? முறையாத் தட்டில வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, பழம் எல்லாம் கொண்டு போனன். போய்க் குந்தின உடனை இராமரின்ரை மனிசி அந்தத் தட்டில இருந்த சுண்ணாம்பை எடுத்துத்தான் அட்டை கழட்டினவ. தொட்டால் விழுந்திடும். இருபத்திமூண்டு அட்டை. சுண்ணாம்பு முடிஞ்சுபோச்சுது. அதுக்குப் பிறகு ஆர் வெத்திலை போடுறது?

— அப்ப சம்பந்தக் கதை?

— கேட்டன். ரெண்டு காலையும் வாளித் தண்ணிக்குள்ள வைச்சுக்கொண்டே கேட்டன்.

— என்ன சொன்னவர்?

— துண்டை எடுத்துக்கொண்டு வந்து கீழை குந்தினார். பிறகு, "ஒங்க மகளுக்குத் தெரியுங்களா சார்?" எண்டு கேட்டார்.

— நீங்கள் என்ன சொன்னீங்கள்?

— தெரியும் எண்டு சொல்ல வாய் வந்துது. ஆனால் அந்த மனிசன் கீழை குந்திக்கொண்டு என்ரை காலைத் துடைக்கிறார். பொய் சொல்லேலாமப் போச்சுது. தெரியாது எண்டன். "அப்ப மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க சார். அவங்களுக்குத் தெரியாம எங்க வீட்டுப் பொண்ண குடுக்க மாட்டோம்" எண்டிட்டார்.

— நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

— பஸ்ஸில வரேக்கை முழுக்க யோசிச்சன், உனக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு. அவிசாவளை தாண்டேக்கை ஒரு மாதிரி வசனம் எல்லாம் சரியா வந்திட்டுது. வீட்டை வந்து, "சாப்பாடு எப்பிடி அப்பா?" எண்டு நீ கேட்ட உடனை எல்லாம் மறந்து, "நண்டு நல்லம்" எண்டிட்டுப் போய்ப் படுத்திட்டன்.

— நண்டு நல்லம்! நானும் நம்பின மாதிரி இருந்தன், என்ன?

— நக்கலடிக்காதை ரதி. எனக்குப் பயம்.

— என்னிலயோ?

— உன்னிலதான். உனக்கே இன்னும் ஒரு சம்பந்தமும் பொருந்தி வரேல்லை. அறுபத்திமூண்டு வயசில அப்பன் மாப்பிள்ளை வேசம் போடுறான் எண்டு சனம் சிரிக்கும். பெரியம்மா ஆக்கள் எந்தத் தோட்டம், ஆர் ஆக்கள் எண்டு கேட்டு முகத்தைச் சுழிப்பினம். அதெல்லாத்தையும் நான் தாங்குவன். நீ அம்மாவின்ரை படத்தைப் பாத்துக்கொண்டு ஒண்டும் கதையாமல் இருந்தியெண்டால், அதை என்னாலை தாங்கேலாது.

— நான் படத்தைப் பாக்கேல்லை. உங்கடை காலைத்தான் பாக்கிறன்.

— அம்மா போய் ஒன்பது வருசம். ஒரு நாளும் நான் அவளை மறக்கேல்லைப் பிள்ளை. ஆறாயியிட்டையும் அம்மாவைப் பற்றித்தான் கூடக் கதைச்சிருக்கிறன். அவ கேட்டுக்கொண்டே பொத்தான் தைப்பா. தைச்சு முடிஞ்சாலும், கதை முடியிற வரைக்கும் நூலை அறுக்கமாட்டா.

— ம்.

— நீ ஓம் எண்டால் ஓம். இல்லை எண்டால் நான் கோவிக்கமாட்டன். இனிமேல் ஒரு சேட்டிலயும் பொத்தான் விழாது, அவ்வளவுதான்.

— காலைத் தாங்கோ. இந்தக் கதிரையில வையுங்கோ, மருந்து பூசிவிடுறன்.

— எரியுமோ?

— எரியும். நண்டு திண்டதெண்டு பொய் சொன்ன ஆளுக்கு எரியத்தான் வேணும்.

— நீ என்ன, அழுகிறியோ?

— இல்லை, மருந்து மணம்.

— ரதி, நீ இன்னும் எனக்குப் பதில் சொல்லேல்லை.

— நான் போன பௌர்ணமிப் போயா லீவுக்கே எட்டியாந்தோட்டைக்குப் போய், உங்களுக்கு ஆறாயி அன்ரியைக் கேட்டிட்டன் அப்பா. இராமர் மாமா அண்டைக்கே ஓம் எண்டிட்டார். என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நீங்களாச் சொல்லோணும் எண்டு ஆசைப்பட்டு, 'அப்பா வந்து கேட்டால், மகளுக்குத் தெரியுமா எண்டு மட்டும் ஒருக்காக் கேளுங்கோ' எண்டு சொல்லிக் குடுத்திட்டு வந்ததே நான்தான்.