நாட்காட்டியில் முப்பத்தொரு 'ஊ'

பெயர்: ஹாயோ பொப்பிங்கா. வயது: 33. முகவரி: சைக்கிள் கடை மாடி, படகுத்துறைத் தெரு, லேயர். விடுப்பூதிய வழக்கில் எதிர்மனுதாரர். தொழிலாளர் நீதிமன்றத்தின் மனுப்பதிவு அறைக்கு வழக்கறிஞர் இன்றி நானாக வந்து சொல்ல, எழுத்தர் எழுதியது.

மேற்படி சைக்கிள் கடை என் தாய் ஃப்ராவ்கெ பொப்பிங்காவுடையது. அவர் கடந்த ஜனவரி பதினொன்றாம் தேதி இறந்தார். அதன் பிறகு கடை எனக்கு வந்தது. அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஹம்பர்க்கில் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் இருந்தேன். வாரம் ஒருமுறை தாயுடன் தொலைபேசியில் பேசுவேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். "நல்லா இருக்கார்டா. அணைக்கரையில காத்து வாங்கப் போயிருக்கார்" என்பார். அது பொய்யில்லை என்று இப்போது தெரிகிறது.

மனுதாரர் வீப்கெ ஐலர்ஸ், வயது 41, எங்கள் கடையில் பதினான்கு ஆண்டுகள் பழுது பார்த்தவர். வேறு வேலை கிடைத்து மார்ச் கடைசியில் நின்றுகொண்டார். அதன் பிறகு, சென்ற ஆண்டின் இருபத்துநான்கு நாள் விடுப்பில் ஒன்றைக்கூடத் தாம் எடுக்கவில்லை என்றும், அதற்கான ஊதியத்தைத் தருமாறும் எனக்கு எழுதினார். நான் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய சென்ற ஆண்டு நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். விடுப்பை நாங்கள் ஊர்லாவ்ப் என்போம். விடுப்பு நாளில் அதன் முதலெழுத்தை மட்டும் போடுவது எல்லாக் கடைகளிலும் வழக்கம். என் தாயின் கையெழுத்தில் முப்பத்தொரு 'ஊ' இருந்தது.

அதன் பிறகு நான் பதில் எழுதினேன். அவர் ஏழு நாள் அதிகமாகவே எடுத்திருக்கிறார் என்றும், அந்த ஏழு நாளையும் பெருந்தன்மையுடன் விட்டுவிடுகிறேன் என்றும். பெருந்தன்மை என்ற சொல் அக்கடிதத்தில் உள்ளது. நகல் இணைக்கப்பட்டுள்ளது.

அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "இன்னொரு தடவ எண்ணுடா, மரமண்டை." எண்ணினேன். முப்பத்தொன்றே வந்தது. அதன் பிறகு அவர் வழக்குத் தொடுத்தார்.

ஜூன் நான்காம் தேதி சமரச அமர்வு. நான் கொடுத்திருந்த தேதிப் பட்டியலை நீதிபதி அம்மையார் விரலால் ஓட்டிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை கடை உண்டா, திரு. பொப்பிங்கா?"

"இல்லீங்க."

"மூடிக் கெடக்கிற கடைல யாரு லீவு போடுவா?"

பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பட்டியலில் ஒன்பது ஞாயிறு இருந்தன. நான் எண்ணியிருந்தேன். கிழமை பார்க்கவில்லை. நீதிபதி வீப்கெயைக் கேட்டார். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஃப்ராவ்கெக்கு வாக்குக் குடுத்திருக்கேங்க. இவன்கிட்ட சொல்ல மாட்டேன்னு" என்றார்.

"நீங்க இவர்கிட்ட சொல்ல வேண்டாம். என்கிட்டச் சொல்லுங்க."

"அது லீவு இல்லீங்க. ஊவே. இவனோட அப்பா."

என் தந்தையின் பெயர் ஊவே. நான் அவரை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அந்த நாட்காட்டியை நான் எழுதியிருந்தால் அது வேறு எழுத்தாக இருந்திருக்கும்.

அதன் பிறகு வீப்கெ கூறியதாவது. சென்ற ஆண்டு தொடக்கத்திலிருந்தே என் தந்தைக்கு நினைவு தவறிவந்தது. தாய் இறந்த துக்கத்தால்தான் அப்படி ஆனார் என்று, அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்த நான் எண்ணியிருந்தேன். மோசமான நாட்களில் அவர் பழுதுக்கு வந்த சைக்கிள்களைத் தெருவில் போகிறவர்களிடம், "எடுத்துக்கோ, உன்னோடதுதான்" என்று கொடுத்துவிடுவார். மூன்றைத் திரும்பப் பெற முடியவில்லை. தாய் கல்லாவை விட்டு நகர முடியாது. அதனால் அந்த நாட்களில் நாட்காட்டியில் 'ஊ' என்று எழுதி, இரட்டை இருக்கைச் சைக்கிளில் தந்தையை ஏற்றிக்கொண்டு போகும்படி வீப்கெயிடம் சொல்வார். இருவரும் அணைக்கரை வழியே மதகு வரை மிதிப்பார்கள். மதகடிக் கடையில் தந்தை இரண்டு ஹேரிங் மீன் ரொட்டி வாங்குவார். இரண்டாவது ஃப்ராவ்கெக்கு என்பார். வீடு வருவதற்குள் அதை மறந்துவிடுவார். ஆகவே அதை வீப்கெ தின்பார். வீப்கெக்கு மீன் பிடிக்காது.

நீதிபதி அமர்வை ஒத்திவைத்தார். நடைவழியில் நான் வீப்கெயிடம், ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நீ வேலய விட்டுட்டு ஓடி வந்துருவேன்னு உங்கம்மாவுக்குப் பயம்டா."

வந்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. இதையும் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எழுதச் சொன்னேன்.

அதன் பிறகு நான், இருபத்துநான்கோடு அந்த ஒன்பது ஞாயிறையும் சேர்த்துத் தருகிறேன், அது கூடுதல் வேலைதானே என்றேன். அவர் கோபப்பட்டார். எங்கள் கடையில் இருந்த காலம் முழுவதும் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமைல உங்கம்மா 'ஊ'ன்னு எழுதினது நான் போயிட்டு வந்ததுக்கு அப்புறம். அவ அனுப்பல. வாரநாள்ல போனது வேல. ஞாயித்துக்கிழமை நான் ஆசப்பட்டுப் போனது. அதுக்கு நீ காசு நீட்டினா, தின்ன ஹேரிங் அத்தனையும் இங்கயே வெளிய வந்துரும்."

மேற்கண்டவற்றால், சென்ற ஆண்டில் மனுதாரர் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை என்பதை ஏற்கிறேன். இருபத்துநான்கு நாள் ஊதியத்தையும் தர ஒப்புக்கொள்கிறேன். என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஞாயிறு ஒன்பதும் அவர் விருப்பப்படி கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவை நடந்தன என்பதை மட்டும் நீதிமன்றம் பதிவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எழுத்தர் இதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. எனக்குத் தெரிந்தவரை இதுவே உண்மை.

ஒப்பம்: ஹாயோ பொப்பிங்கா
ஊவே பொப்பிங்காவின் மகன்