மலையுச்சி வேட்பாளர்

— கூப்பிட்டாச்சு மச்சான். மலையுச்சி, இருட்டு, டிபன் டப்பா சைஸுல ஒரு ரேடியோ. ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவேன். இனிமே கீழ இருக்கிறவங்க பாடு.

— பதிலே காணோமே அத்தான். இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்.

— ரெண்டாந்தடவையா? நானா? ரேடியோ கிளப்புத் தலைவர் பதவிக்கு நிக்கிறவன் கெஞ்சக்கூடாது. மொத்த மெம்பரும் என் வீட்டு ஹால்ல, என் பிஸ்கட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். உங்க அக்கா 'கேக்குது'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கையோட ஓட்டெடுப்பு.

— தெரியாமதான் கேக்கறேன், மைக்கை ஏன் தொடைக்கடியில சொருகிக்கிட்டீங்க?

— பனி படாது. மைக்கோட தலை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். அனுபவம்டா! நம்ம கிளப்புல இருக்கிற அந்தப் பல் டாக்டருக்கு வருமா இதெல்லாம்? ஊரையே வாயைத் திற, வாயைத் திறங்கிறான், மைக்கைக் கண்டா அவன் வாய்க்குப் பூட்டு.

— பாவம், நல்ல மனுஷன் அத்தான்.

— தூசு! பேங்க் மேனேஜர் இன்னும் மோசம். மாடியில ஆண்டெனா கட்டியிருக்கான். அதுல அவன் பனியன் காயுது.

— அந்தக் கணக்கு வாத்தியாரம்மா?

— அஞ்சு நிமிஷம் பேசினா அதுல நாலு நிமிஷம் இருமல். இதுங்க ஓட்டுக்காக நான் பல்லைக் காட்டணும்! என் குரலுக்கு அஞ்சு-ஒன்பது, அதாவது முழு மார்க்கு, அதுக்குக் கீழ எவனாவது போட்டிருக்கானா?

— இல்லைங்க அத்தான். ஆனா பெட்டி ஊமையா கிடக்கே. ஒரு கரகரப்பு கூட இல்ல.

— பட்டனை அமுக்கினா வாய், விட்டா காது. ரெண்டும் சேர்ந்து நடக்காது. அங்க எவனோ அமுக்கத் தெரியாம முழிக்கிறான், வேறென்ன?

— மேல இந்த விளக்குல கறுப்பு டேப்பு ஒட்டியிருக்கே?

— நான் பேசறப்போ சிவப்பா எரியும். பூச்சி மொய்க்குதுன்னு ஒட்டினேன். நான் பேசறேனா இல்லையான்னு எனக்கே தெரியாதா? விளக்கு வேற சொல்லணுமா?

— பெட்டி அடுப்பு மாதிரி சுடுது அத்தான்.

— நல்லதாப் போச்சு, கையைக் காட்டிக் குளிர் காய். ஓசியில கிடைச்சா அதுக்கும் குறை.

— பாட்டரி முள்ளு வேற மளமளன்னு இறங்குது.

— நீ தூக்கிட்டு வந்த பாட்டரி உன்னை மாதிரிதானே இருக்கும். கேட்டுக்க, நான் தலைவரானதும் மொத வேலை, கிளப்போட டவரைப் பிடுங்கி நம்ம மொட்டை மாடியில நட்டுடுவேன்.

— அது எல்லாரும் காசு போட்டு வாங்கினதாச்சே!

— ரிப்பேருன்னு சொன்னா நம்பிட்டுப் போறாங்க. இவனுங்களுக்கு டவருக்கும் தென்னை மரத்துக்கும் வித்தியாசம் தெரியுமா?

— அக்காவுக்குத் தெரிஞ்சா? அவளும் மெம்பர்தானே. லைசென்ஸ் பரீட்சையில உங்களைவிட மார்க்கு...

— குருட்டு யோகம்! சமையலறையில குக்கர் விசிலுக்கு நடுவுல ரேடியோ பேசறவ எல்லாம் ஒரு ஆளா? டீ போட்டுக் குடுக்கச் சொன்னேன், ஒழுங்கா அதைச் செஞ்சா போதும். சர்க்கரையைக் கம்மியா போடச் சொல்லியிருக்கேன்.

— அத்தான், எனக்கென்னவோ பயமா இருக்கு, கீழ போயிடலாம்.

— எனக்கு ஆத்திரம்தான் வருது. ஒரு பய பதில் சொல்லலையே! போதும், மூட்டையைக் கட்டு. வீட்டுக்குப் போய் நேர்லயே கேக்கறேன். கையைக் குடு, எழுந்திரிக்கிறேன்... ஆ, முட்டி!

— அத்தான்! நீங்க எழுந்ததும் பெட்டி கரகரன்னுது!

— ஏன்டா மைக்கையே வெறிச்சுப் பாக்கறே?

— மைக்கோட பட்டன்... இவ்வளவு நேரமும் உங்க தொடைதான் அமுக்கிட்டு இருந்திருக்கு.

— வாயை மூடு! யாரோ பேசறாங்க. உங்க அக்கா குரல்!

— வீட்டுல இருந்து பேசறேங்க. உங்க சிக்னல் அஞ்சு-ஒன்பது, பனியன்ல இருந்து டவர் வரைக்கும் ஒரு வார்த்தை விடாம ஹாலே கேட்டுச்சு. ஓட்டெடுப்பும் முடிஞ்சுது, தூக்காத கையே இல்ல. பேசறது புதுத் தலைவர். டீ ஆறிடுச்சு, கீழ வந்து நீங்களே போட்டுக்கங்க. ஓவர்.